வெள்ளையர் விட்டுச் சென்ற ஓடுபாதை

முலுண்டில் குடியிருக்கும் நம் தமிழ் மக்களுக்குத் தெற்குத் திசையே பழகிய திசை. காலையில் மின்சார ரயிலேறிப் பாண்டுப், காட்கோபர், குர்லா இவற்றைக் கடந்து மாட்டுங்காவிலோ தாதரிலோ கோட்டைப் பகுதியிலோ இறங்குகிறோம். மாலையில் வந்த வழியே மீள்கிறோம். வடக்கே தாணே இருக்கிறது, அதற்கும் அப்பால் கல்யாண் இருக்கிறது என்பதை அறிவோம். ஆயினும், ஊருக்குப் போகும் விரைவு வண்டி கல்யாண் சந்திப்பில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களே அவ்வூரோடு நமக்குள்ள உறவு. அந்தச் சில நிமிடங்களும் தண்ணீர் பிடிப்பதிலும் குழந்தைகளுக்கு வடா பாவ் வாங்குவதிலும் கழிந்துவிடும்.

அந்தக் கல்யாணுக்குத் தென்கிழக்கே, மலங்கட் மலையடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையில், நெவாளி என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு விமானதளம் உண்டு, விமானம் கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசாங்கம் அமைத்த தளம் அது. போர் முடிந்தது, ஆங்கிலேயரும் போனார்கள், ஓடுபாதை மட்டும் புல் மூடிக் கிடக்கிறது.

இதனை நமக்குச் சொன்னவர் அலுவலகத்தில் அடுத்த மேசையில் பணியாற்றும் மராட்டிய நண்பர். நெவாளியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். ஆகரி வகுப்பு உழவர் குடும்பம். தமிழரையெல்லாம் "அண்ணா" என்று அழைப்பது பம்பாய் வழக்கமல்லவா? ஒருநாள் உணவு வேளையில், "அண்ணா, எங்கள் நெல்வயல் விமான நிலையத்துக்குள்ளே இருக்கிறது" என்றார். 2025 அக்டோபரில் திறந்த நவி மும்பை விமான நிலையத்தைப் பற்றிய பேச்சு அப்போது எங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. "அது வேறு. இது நாற்பத்திரண்டில் எடுத்தது. என் பாட்டனார் காலத்து வயல்" என்று அவர் விளக்கினார். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அன்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, நண்பருடன் நாம் நெவாளிக்குப் புறப்பட்டோம்.

முலுண்டிலிருந்து கல்யாண் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஞாயிறு ஆதலால் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. (வாரநாளில் இவ்வழியே பயணம் செய்ய விரும்புவோர் முதலில் உடற்பயிற்சி செய்துகொள்வது நலம்.) கல்யாணில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்து, மலங்கட் செல்லும் பேருந்தில் ஏறினோம்.

போகும் வழியில் உல்லாசநகரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் அங்கே இருந்தது கல்யாண் முகாம். கடல் கடந்து வரும் படையினரும் போகும் படையினரும் தங்கிச் சென்ற பெரிய இராணுவ முகாம். 1947இல் நாடு பிரிந்தபோது சிந்து மாகாணத்தை விட்டு வந்த மக்களை அந்தப் பாசறைகளில்தான் குடியேற்றினார்கள். 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் அதற்கு உல்லாசநகர் என்று பெயரிட்டவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. வீடிழந்து வந்தவர்களின் முகாமுக்கு மகிழ்ச்சி நகரம் என்று பெயர் வைக்க நம் சேலத்துப் பெரியவருக்குத் தோன்றியது எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்நியப் படை விட்ட இடம் மக்களுக்கு வீடாயிற்று. அவ்வளவு அருகில் இருக்கும் நெவாளியின் கதை வேறு விதமாக நடந்தது.

நெவாளி நாக்கா என்பது நாற்சந்தி. பத்லாப்பூர்ப் பக்கம் ஒரு சாலை, மலங்கட் பக்கம் ஒரு சாலை. லாரிகளின் புழுதியும் தேநீர்க் கடைகளின் இரைச்சலும் கடந்து சற்றுத் தொலைவு நடந்தால், எதிரே மலங்கட் மலை செங்குத்தான பாறைச் சிகரங்களுடன் எழுந்து நிற்கிறது. அதன் காலடியில் பரந்த வெளி. தென்னாட்டில் பொட்டல் என்போமே, அத்தகைய சமவெளி. கொங்கணத்தில் இத்துணை சமமான நிலம் எளிதில் காணக் கிடைப்பதன்று. மேடும் பள்ளமும் குன்றும் ஓடையுமாகவே இருக்கும். சமநிலமாதலால்தான் உழவன் அங்கே நெல் விளைத்தான். சமநிலமாதலால்தான் பட்டாளத்தானும் அதனை நாடினான். பாதுகாப்புத் துறையின் நிலமாகையால் உள்ளே செல்ல நாம் முயலவில்லை. சாலையோரத்திலிருந்தே பார்த்தோம். புல்லும் புதரும் மூடிய நீண்ட வெளி. அதன் ஓரத்தில் வேலி. வேலிக்கு இப்பால் எருமைகள்.

ஓடுபாதை ஏன் இங்கே வந்தது என்பதை அறிய 1942ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பின் மீதும், 6இல் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும், 9இல் திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரத்தை விட்டு மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஓடிய கதையை நம் வீட்டுப் பெரியோர் பலர் சொல்லக் கேட்டிருப்போம். நடுங்கிப்போன அரசாங்கம் இந்நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானதளங்களை அவசரமாக அமைக்கத் திட்டமிட்டது. நிலம் கேட்டு வாங்க நேரமில்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்ற போர்க்காலச் சட்டம் கையில் இருந்தது. அளவுச் சங்கிலி ஓடிய இடமெல்லாம் அரசாங்கத்தின் இடமாயிற்று.

அந்தத் தளங்களில் சில நம் ஊர்ப்பக்கத்திலேயே உள்ளன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தாராவி அன்பர்களுக்குக் கயத்தாறு தெரியாதிருக்க இயலாது. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே ஊரில் அதே ஆங்கிலேயர் போர்க்காலத்தில் ஓர் ஓடுபாதை போட்டார்கள். பிற்காலத்தில் அவ்வூர்க் காற்றை நம்பிக் காற்றாலைகள் வந்தன. சென்னைக்கு அருகே சோழவரத்து ஓடுபாதையில் 1950களிலிருந்து பல ஆண்டுகள் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. உளுந்தூர்ப்பேட்டையில் பாதை கிடக்கிறது. சூலூர் மட்டும் உயிரோடிருக்கிறது. அங்கிருந்து இன்று நம் நாட்டுத் தேஜஸ் விமானங்கள் பறக்கின்றன.

இத்தனை தளங்கள் எதற்கு என்று சங்கத்து அன்பர் கேட்டார். இரயில்வேக்காரனுக்கு இது விளங்காத செய்தியன்று. நீராவி எஞ்சின் காலத்தில் வண்டி நெடுந்தொலைவு ஓட வேண்டுமானால் இடையிடையே தண்ணீரும் நிலக்கரியும் வேண்டும். ஆகவே குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு தண்ணீர்த் தூண், ஒரு எஞ்சின் கொட்டகை, அதைச் சுற்றி ஊழியர் குடியிருப்பு என்று அமைத்தார்கள். பம்பாயில் 1925 பிப்ரவரி 3இல் மின்சார வண்டி வந்தது. பின்னர் டீசலும் வந்தது. தண்ணீர்த் தூண்கள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தன. விமானத்தின் கதையும் அதுவே. அக்காலத்து விமானங்கள் எண்ணெய் நிரப்ப அடிக்கடி இறங்க வேண்டியிருந்தமையால், கடல்கள்தோறும் படிக்கட்டுப் போல் தளங்கள் வேண்டியிருந்தன. விமானங்களின் வீச்சு நீண்டு, வானிலேயே எண்ணெய் நிரப்பும் முறையும் பரவியபின் அத்தனை படிக்கட்டுகள் தேவைப்படவில்லை.

எனினும் இயந்திரத்தின் மாற்றம் மட்டுமே காரணமென்று கூறுவது பாதி உண்மையே. பிறர் நாட்டில் தளம் வைத்திருக்க அந்நாட்டார் மனம் இசைய வேண்டும். தளத்தில் இருப்பவனும் இசைய வேண்டும். 1946 ஜனவரியில் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் இருந்த ஆங்கில விமானப்படை வீரர்களே, "போர் முடிந்தது, எங்களை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அது இந்தியாவின் பல தளங்களுக்கும் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பரவியது. அடுத்த மாதம் பம்பாயில் நம் கடற்படை வீரர் கிளர்ந்தெழுந்த வரலாறு எல்லாரும் அறிந்தது. அதற்கு முன்பே ஆள வந்தவனின் படையே வீடு திரும்பத் துடித்தது என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை.

நெவாளிக்கு வருவோம். நண்பரின் பெரியப்பா முறையாகும் முதியவர் ஒருவர் வீட்டில் தேநீர் அருந்தினோம். எழுபதைக் கடந்தவர், வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய வேட்டி. "காகா, நிலத்தை எடுத்தபோது என்ன சொன்னார்களாம்?" என்று கேட்டோம். "போர் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார்களாம். என் தந்தை சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போர் முடிந்த செய்தி இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை, பாளா" என்றார். உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் சாத்-பாரா உதாரா. நம் ஊரில் பட்டாவும் அடங்கலும் எப்படியோ, அப்படி மராட்டியத்தில் இந்தச் சாத்-பாரா. மங்கிய தாள்களை மடிப்புக் கலையாமல் விரித்துக் காட்டினார். எழுத்துகள் நமக்கு முழுதும் புரியவில்லை; அவர் விரல் ஒரு பெயரின் மேல் நின்றது மட்டும் புரிந்தது.

வழக்கின் முடிச்சு இதுதான். அரசாங்கம் நிலத்தைக் கொள்வதில் இரு வகை உண்டு. ஒன்று, தேவை தீரும்வரை கைப்பற்றி வைத்துக்கொண்டு வாடகை கொடுப்பது. தேவை தீர்ந்தால் உரியவனிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். மற்றொன்று, இழப்பீடு கொடுத்து நிலையாக எடுத்துக்கொள்வது; அதன்பின் நிலம் அரசாங்கத்தின் சொத்து. நெவாளி நிலம் முதல் வகை என்று உழவர்கள் சொல்கிறார்கள். இரண்டாம் வகை என்று பாதுகாப்புத் துறை சொல்கிறது. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் என்று செய்தித்தாள்கள் எழுதின. சுதந்திரத்திற்குப் பிறகு பல ஆண்டுகள் ஓடுபாதையைச் சுற்றி உழவர்கள் பயிரிட்டே வந்தார்கள். யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. பின்னர் 2017இல் கடற்படையினர் சுற்றுச்சுவர் எழுப்பத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூன் 22இல் மறியல் கலவரமாயிற்று. போலீஸ் வண்டிகள் எரிந்தன. போலீசாரும் உழவரும் காயமடைந்தனர். முதல் மழை பெய்து உழவு தொடங்கும் காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வண்டியை எரித்தது சரியென்று யாம் சொல்லோம். எரிந்த வண்டியில் இருந்தவரும் ஒரு வீட்டுப் பிள்ளையே. நாட்டின் காவலுக்கு நிலம் வேண்டாம் என்று சொல்வோரும் அல்லோம். ஆனால் அந்நியன் தன் போருக்காக எடுத்த நிலத்தைச் சுதந்திர அரசாங்கம் மரபுரிமையாகப் பெற்றபோது, அவன் கொடுத்த வாக்கையும் சேர்த்தே பெற்றிருக்க வேண்டாவா? திரும்பும் வழியெல்லாம் சங்கத்து அன்பர் இதையே கேட்டு வந்தார். நண்பரோ மறுமொழி கூறவில்லை; சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இக்கேள்வி நெவாளிக்கு மட்டும் உரியதன்று. வெளிநாட்டுத் தளங்கள் சுருங்கி வருவதை இந்நாளில் அடிக்கடி படிக்கிறோம். 2021 ஜூலையில் அமெரிக்கர் ஆப்கானிஸ்தானத்துப் பக்ராம் தளத்தைவிட்டு இரவோடிரவாகச் சென்றார்கள். 2024 ஆகஸ்டில் நைஜர் நாட்டு அகடேஸ் தளத்தை ஒப்படைத்தார்கள். 2025இல் பிரெஞ்சுக்காரர் சாடு நாட்டிலிருந்தும் செனகலிலிருந்தும் வெளியேறினார்கள். நம் இந்தியாவும் தஜிகிஸ்தானத்து அய்னி விமானதளத்தில் நெடுங்காலம் வைத்திருந்த ஏற்பாட்டை 2022இல் முடித்துக்கொண்டது. படித்தவுடன் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது, நெடுநாள் தங்கிய விருந்தாளி புறப்பட்டாற்போல. ஆனால் விருந்தாளி போனபின் அவர் படுத்திருந்த அறை யாருக்குக் கிடைத்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. நம் கடலான இந்துமாக் கடலிலேயே அக்கதைகள் பல உள.

இலங்கை 1948இல் விடுதலை பெற்றபோதும் கட்டுநாயக்கா விமானதளமும் திருகோணமலைத் துறைமுகமும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தன. 1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்கா அவற்றைத் திரும்பக் கேட்டார். 1957 அக்டோபரில் திருகோணமலையும் நவம்பரில் கட்டுநாயக்காவும் கைமாறின. வெளியேறிய ஆங்கிலேயர் சும்மா இருக்கவில்லை. தெற்கே மாலத்தீவின் அட்டு வளையத்தில் கான் என்ற குட்டித் தீவில் புதிய தளம் போட்டார்கள். அத்தீவின் மக்களைப் பக்கத்துப் ஃபெய்தூ தீவுக்கு அனுப்பினார்கள்; ஃபெய்தூவில் இடம் போதாமல் அங்கிருந்தோர் சிலரை அதற்கடுத்த மரதூவுக்கு நகர்த்தினார்கள். இரயில் பெட்டியில் ஒருவர் உட்கார வரிசை முழுதும் நகர்வதைப் போல! 1976 மார்ச்சில் ஆங்கிலேயர் கானையும் விட்டுச் சென்றார்கள். இன்று அங்கே பயணி விமானம் இறங்குகிறது. தங்கும் விடுதி இருக்கிறது. நகர்த்தப்பட்டவர்கள் நகர்ந்த இடத்திலேயே வேரூன்றிவிட்டார்கள்.

அதற்கும் தெற்கே டியேகோ கார்சியா. 1965இல் மொரீஷியசிலிருந்து சாகோஸ் தீவுகளை ஆங்கிலேயர் பிரித்தெடுத்து, மறு ஆண்டே அமெரிக்காவுக்குத் தளம் அமைக்க இடங்கொடுத்தார்கள். 1968க்கும் 1973க்கும் இடையில் தீவு மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோரும், தென்னந்தோப்பு வேலைக்குச் சென்ற நம் தென்னிந்தியக் கூலிகளின் வழிவந்தோரும் கலந்த மக்கள் அவர்கள். 2025 மே 22இல் கையெழுத்தான ஒப்பந்தம், தீவுகளின் ஆட்சியுரிமையை மொரீஷியசுக்கு அளிக்கவும் டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் வைத்துக்கொள்ளவும் வகை செய்தது. பிற தீவுகளில் மக்கள் மீண்டும் குடியேற அதில் வழியுண்டு. டியேகோ கார்சியாவில் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சிங்கப்பூரில் சாங்கி, தெங்கா, செலத்தார் விமானதளங்களையும் செம்பவாங் கடற்படைத் தளத்தையும் நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் வாழ்ந்தன. 1968 ஜனவரியில் ஆங்கில அரசாங்கம் தளங்களை மூடப்போவதாக அறிவித்தபோது அவ்வீடுகளில் அடுப்பெரியுமா என்ற அச்சம் பிறந்தது; அந்நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களால் வந்ததென்பர். 1971இல் ஆங்கிலேயர் சென்றார்கள். சிலர் புது வேலை கற்றார்கள்; சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்கள். சாங்கித் தளம் இருந்த இடத்தில் 1981இல் பெரிய விமான நிலையம் எழுந்தது. விட்டுப்போன நிலத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய ஊர் என்று சிங்கப்பூரைச் சொல்லலாம்.

நம்மினத்தவர்க்கு மிக அணித்தான கதை யாழ்ப்பாணத்துப் பலாலி. அதுவும் ஆங்கில விமானப்படை போர்க்காலத்தில் போட்ட தளமே. போருக்குப் பின் 1947 டிசம்பரில் கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறந்த ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் அங்கே இறங்கிச் சென்றது. அன்று அது அயல்நாட்டுப் படையின் தளம் சுருங்கி மக்களின் நிலையமாக மலர்ந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டாக இருந்தது. ஆனால் உள்நாட்டுப் போர் மூண்டதும் அது மீண்டும் படைத்தளமாயிற்று. முன்னைவிடப் பன்மடங்கு பெரிதாயிற்று. 1990இல் பலாலி, வசாவிளான், மயிலிட்டி முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். சுற்றிலும் உயர் பாதுகாப்பு வலயம் என்று எல்லை போடப்பட்டது. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த நிலம் அது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பி வந்தது. காணிகளும் சிறுகச் சிறுக விடுவிக்கப்பட்டன. 2019 அக்டோபரில் பலாலி மறுபடியும் பயணி விமான நிலையமாயிற்று.

யாழ்ப்பாணத்தார் நிலப்பத்திரத்தை உறுதி என்று அழைப்பார்கள். சாத்-பாராவைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் நெவாளிக் கிழவரைப் போல, உறுதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த குடும்பங்கள் அங்கே எத்தனையோ. சென்னையில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் பலாலியில் இறங்கிவிடலாம் என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகத் திட்டமிடுகிறார்கள். போகிறவர்கள் இறங்கும்போது சன்னல் வழியே பார்த்தால் பசுமையான காணிகள் தெரியும். அவற்றுள் ஒரு பகுதிக்கு உரியவர்கள் இன்னும் உள்ளே செல்ல இயலாமல், சில மைல் தொலைவிலேயே வாடகை வீடுகளில் இருந்துகொண்டு மனுப் போட்டுவருகிறார்கள்.